படகில் ஒரு கறுப்புக் கோடு: தேக்கு முதல் ஃபோம் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்பதற்காகத் திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்றைக்கு நாம பேசப்போறது ஒரு தரையைப் பற்றி. படகோட தரை.

இன்ஸ்டாகிராமில் சொகுசுப் படகு ஃபோட்டோ எப்பவாவது கண்ணில் பட்டிருக்கும். வெள்ளை உடம்பு, நீலக் கடல், கீழே தேன் நிறத்தில் நீள நீளமான பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. பார்த்ததும் மரம் என்றுதான் நினைப்போம். ஆனால் இப்போது வருகிற நிறைய சின்னப் படகுகளில் அது மரம் இல்லை. ஃபோம். நீங்க போடுற ஸ்லிப்பர், ஷூவோட நடு அடுக்கு, குழந்தைகள் விளையாட விரிக்கிற பஸில் மேட், இதெல்லாம் எந்தப் பொருளோ அதே குடும்பம். பெயர் ஈ.வி.ஏ. விரித்துச் சொன்னால் எத்திலீன் வினைல் அசிட்டேட்.

செருப்புப் பொருளில் தரை போடுறாங்க, போடட்டும். என் கேள்வி வேற. ஃபோமை எந்த நிறத்திலும் எந்த வடிவத்திலும் செய்யலாம். பச்சையா செய்யலாம், புள்ளி போட்டுச் செய்யலாம். அப்புறம் ஏன் மரம் மாதிரி? அதிலும் அந்தக் கறுப்புக் கோடு எதுக்கு? ஒரே ஷீட்டாக வருகிற பொருளில் பலகையும் கிடையாது, பலகைக்கு நடுவில் இடைவெளியும் கிடையாது.

இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் பிரிட்டிஷ் சிறைச்சாலை வருது, மலபார் காடு வருது, நாடு கடத்தப்பட்ட ஒரு பர்மிய ராஜா வர்றார், 2021இல் நடந்த ஒரு ராணுவப் புரட்சியும் வருது. நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லும் வருது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபோம் தரை எப்படி ஒட்டுறாங்க?

இந்த எபிசோடுக்காகக் கொச்சியில் ஒரு படகுத்துறையில் இந்த வேலை நடப்பதை உட்கார்ந்து பார்த்தேன். ஃபைபர் படகு, சின்னதுதான். வேலை செய்தவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அவருடைய அப்பா மரப் படகு கட்டியவராம். இவர் ஃபைபருக்கும் ஃபோமுக்கும் வந்துவிட்டார்.

முதலில் அளவு. டேப் வைத்து அளப்பதில்லை. கண்ணாடி மாதிரித் தெரிகிற ஒரு கனமான பிளாஸ்டிக் தாளைத் தரை மேல் விரித்து, நகராமல் டேப் ஒட்டி, ஓரம், வளைவு, மூடி, கைப்பிடிக் கம்பி நிற்கிற இடம் எல்லாவற்றையும் மார்க்கரால் வரைந்துவிடுகிறார்கள். படகோட நடுக்கோட்டையும் அதில் குறிக்கணும். இல்லையென்றால் இடது பக்கக் கோடு ஒரு திசை, வலது பக்கக் கோடு இன்னொரு திசை என்று போகும். அந்தத் தாள் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஒரு வெட்டும் இயந்திரம் ஃபோம் ஷீட்டைத் துல்லியமாக வெட்டுகிறது.

ஷீட்டில் ரெண்டு அடுக்கு. மேலே மர நிறம், கீழே கறுப்பு. இயந்திரம் மேல் அடுக்கில் மட்டும் நேராகப் பள்ளம் போடும்போது அடியில் இருக்கிற கறுப்பு வெளியே தெரியும். நாம பார்க்கிற கறுப்புக் கோடு அதுதான். பெயின்ட் கிடையாது. மொத்தத் தடிமன் பெரும்பாலும் 5, 6 மில்லிமீட்டர்.

ஒட்டுகிற நாளில் பாதி நேரம் சுத்தம் செய்வதிலேயே போனது. சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, அப்புறம் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபைபர் படகுக்குப் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள். அந்த மெழுகு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பசை பிடிக்காது. பிறகு ஒவ்வொரு துண்டையும் பசைத்தாளை உரிக்காமல் சும்மா வைத்துப் பார்த்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப்பால் எல்லை கட்டினார். அப்புறம்தான் ஒட்டுவது. தாளை முழுசாக உரிப்பதில்லை. ஒரு ஓரத்தில் ஒரு சாண் அளவு உரித்து, அந்த ஓரத்தைச் சரியாக உட்கார வைத்து, மிச்சத் தாளை அடியிலிருந்து இழுத்துக்கொண்டே கையால் தடவிக்கொண்டு போகணும். ஃபோமை இழுத்துப் பிடித்து ஒட்டக்கூடாது. இழுத்தால் பிறகு சுருங்கி ஓரம் தூக்கும். கடைசியில் ரோலர். ஒரு நாள் முழுக்க யாரும் அதன்மேல் நடக்கக் கூடாது. உச்சி வெயிலில் இந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். சூட்டில் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்தி வைக்க நேரமே கிடைக்காது.

நான் அவரிடம் கேட்டேன்: "அண்ணே, இந்தக் கோடு தண்ணி வடியுறதுக்கா?"

"தண்ணி வடிய ஓரத்துல தனியா வழி விட்டிருக்கு தம்பி. காலுக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும், அவ்வளவுதான். மத்தபடி அது கண்ணுக்கு. கோடு இல்லாம விரிச்சா, ஜிம் மேட்ட ஒட்டி வெச்சிருக்கியாம்பாங்க."

அவர் சொன்னதில்தான் இந்த எபிசோடே ஆரம்பிக்குது. மேட், தரை ஆகணும்னா கோடு வேணும்.

கோட்டுக்கு உண்மையிலேயே வேலை இருந்த காலம்

மரக் கப்பலில் மேல்தளம் என்பது கீழே இருக்கிறவர்களுக்குக் கூரை. மழையும் அலையும் உள்ளே போகாமல் அது தடுக்கணும். ஆனால் மரம் தண்ணீர் குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கும். பலகைகளை நெருக்கி அடித்தால் உப்பும்போது ஒன்றையொன்று தள்ளி வளைந்துவிடும். அதனால் நடுவில் மெல்லிய சந்து விட்டுத்தான் அடிப்பார்கள். அந்தச் சந்தில் நாரைத் திணித்து, உளியும் சுத்தியும் வைத்து இறுக்கி, மேலே காய்ச்சிய கீலை ஊற்றுவார்கள். கீல் என்றால் தார் மாதிரி, கறுப்பாக இருக்கும். நம்ம கடற்கரையில் இப்படிச் சந்து அடைக்கிற வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். தோணி கட்டுகிற இடங்களில் இன்றும் கேட்கலாம்.

ஐரோப்பியக் கப்பல்களுக்கு அந்த நார் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய கப்பல் கயிற்றிலிருந்து. தார் ஊறிக் கெட்டியான கயிற்றை இழை இழையாகக் கையால் பிரிக்கணும். விரல் நுனி கிழிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இந்த வேலையைச் சிறைக் கைதிகளிடமும், ஏழைகளை அடைத்து வைத்த விடுதிகளிலும் வாங்கினார்கள். அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் இருந்தது அவர்களுடைய வேலை.

ஆக, கோடு என்பது தண்ணீரைத் தடுத்த இடம். மரம் மூச்சு விட இடம் கொடுத்து, தண்ணீருக்கு இடம் கொடுக்காமல் இருந்த சந்து.

ஏன் தேக்கு?

மேல்தளத்துக்கு எல்லா மரமும் ஆகாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் தண்ணீர் சுலபத்தில் ஊறாது, கரையான் அண்டாது, உளுத்துப்போகாது. மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் உப்புவதும் சுருங்குவதும் குறைவு. நனைந்தாலும் அவ்வளவாக வழுக்காது. இன்னொரு முக்கியமான விஷயம் ஆணி. ஐரோப்பாவில் கப்பல் கட்டிய ஓக் மரத்தில் இருக்கிற அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கு அப்படிச் செய்யாது.

இந்த மரம் காட்டில் தானாக வளர்கிற நாடுகள் நாலே நாலுதான்: இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ். மலையாளத்திலும் தமிழிலும் நாம தேக்கு என்கிறோம். மலபார் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர்கள் அதைக் கேட்டு டெக்கா என்றார்கள். அங்கிருந்து ஆங்கிலத்தில் டீக். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெளியிட்ட 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்ற தாவர நூலிலும் மரம் உள்ளூர்ப் பெயரில்தான் பதிவாகியிருக்கு. இன்றைக்கு ஃப்ளோரிடாவில் ஒருத்தர் ஃபோம் ஷீட்டைக் காட்டி 'ஃபாக்ஸ் டீக்', அதாவது போலித் தேக்கு, என்று சொல்லும்போது பாதி நம்ம வார்த்தையைத்தான் சொல்கிறார்.

பம்பாயில் கட்டி, திருகோணமலை என்று பெயர் வைத்த கப்பல்

1736இல் சூரத்திலிருந்து லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா என்ற பார்சி தச்சரைக் கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாய்க்கு அழைத்து வந்தது. அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே கப்பல் கட்டியது. மரம் மலபார் காட்டுத் தேக்கு. வெட்டி, யானை வைத்து இழுத்து, ஆற்றில் விட்டு, கடற்கரைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பம்பாய்க்குக் கடல் வழியாக.

நெப்போலியனோடு நடந்த போர்களில் பிரிட்டனுக்குக் கப்பலுக்கு மேல் கப்பல் தேவைப்பட்டது. அவர்களுடைய ஓக் மரம் தட்டுப்பாடு. பார்வை பம்பாய் பக்கம் திரும்பியது. 1813இல் அங்கே கட்டிய கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பல்தான், 1842இல் சீனாவும் பிரிட்டனும் நான்ஜிங் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இடம். ஹாங்காங் தீவு பிரிட்டன் கைக்குப் போனது அந்த ஒப்பந்தத்தில்தான்.

இன்னொரு கப்பல் இன்னும் சுவாரசியம். வரைபடத்தை லண்டனிலிருந்து ஜாவா என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் ஒன்று ஜாவாவைத் தோற்கடித்து எரித்துவிட்டது. வரைபடமும் போச்சு. மறுபடி ஒரு பிரதி அனுப்பினார்கள். ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா அதை வைத்துக் கட்டி, 1817 அக்டோபரில் கப்பல் தண்ணீரில் இறங்கியது. பெயர் டிரிங்கோமலி. நம்ம திருகோணமலைதான். அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் 1782இல் பிரிட்டனும் பிரான்ஸும் மோதிய கடற்போரின் நினைவாக வைத்த பெயர்.

கப்பல் தயாரானபோது நெப்போலியன் போரே முடிந்துவிட்டது. ஆனால் கப்பல் முடியவில்லை. 200 வருஷம் தாண்டி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்னும் மிதக்கிறது. பிரிட்டனின் மிதக்கிற போர்க்கப்பல்களிலேயே பழையது அதுதான். ஒரு மரம் 200 வருஷம் உப்புத் தண்ணீரில் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இந்த 200 என்ற எண்ணை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில் தேவைப்படும்.

காட்டுக்கு வந்த போலீஸ் கேப்டன்

இப்போது கப்பலை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவோம். 1806இல் மலபார் காடுகளுக்குக் கம்பெனி ஒரு காப்பாளரை நியமித்தது. பெயர் வாட்சன். வேலை? போலீஸ் கேப்டன். தாவரம் தெரிந்தவர் இல்லை. கப்பற்படைக்குத் தேக்கு தடையில்லாமல் கிடைக்கணும், அதுதான் அவருக்குக் கொடுத்த பொறுப்பு.

தேக்கு அரசுச் சொத்து என்று அறிவித்தார்கள். தனியார் நிலத்தில் நின்ற மரத்தையும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. காலம் காலமாக மரம் விற்றவர்கள், விறகுக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரே நாளில் திருடர்கள் ஆனார்கள். புகார் மேல் புகார். கடைசியில் மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1823இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். நம்ம சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோ.

பதவி போனது, வெட்டுவது நிற்கவில்லை. இருபது வருஷத்துக்குள் மலபாரில் நல்ல தேக்கு அரிதாகிவிட்டது. அப்போது மலபார் கலெக்டர் கானலி. வெட்டுவது போதும், நட்டு வளர்ப்போம் என்று 1840களில் நிலம்பூரில் ஆரம்பித்தார். ஆரம்பத்தில் விதை முளைக்கவே இல்லை. தேக்கு விதைக்கு ஓடு ரொம்பக் கெட்டி. பல முறை தோற்ற பிறகு, களத்தில் நின்று அதைச் சாதித்துக் காட்டியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி. உலகத்தின் பழைய தேக்குத் தோட்டம் என்று நிலம்பூரைச் சொல்கிறார்கள். அப்போது நட்ட மரங்களில் ஒரு சின்னக் கூட்டம் இன்னும் நிற்கிறது. 'கானலி பிளாட்' என்று பெயர். அந்தப் பெயரில் சாத்து மேனன் இல்லை.

நம்ம பொள்ளாச்சிக்கு மேலே டாப் ஸ்லிப் போயிருப்பீங்க. அந்தப் பெயரும் இந்தக் கதையோடதுதான். ஆனைமலையில் வெட்டிய மரத்தை மேலிருந்து சரிவில் வழுக்கி விட்ட இடம் அது. நாம செல்ஃபி எடுக்கிற அந்தச் சரிவில் ஒரு காலத்தில் மரக்கட்டை உருண்டது.

ஒரு அபராதமும் ஒரு ராஜாவும்

மலபார் மெலிந்ததும் கண் பர்மா மேல் விழுந்தது. 1826இல் முதல் போரில் தென் பர்மாவின் தெனாசரிம் கரை, 1852இல் ரெண்டாவது போரில் பெகு. காடு இருக்கிற திசையிலேயே எல்லையும் நகர்ந்தது.

பர்மாவில் மரம் எடுக்கிற முறை பொறுமையானது. நிற்கிற மரத்தைச் சுற்றிப் பட்டையையும் உள்ளே கொஞ்சத்தையும் வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். மரம் நின்ற இடத்திலேயே செத்து, ரெண்டு மூணு வருஷம் காயும். ஏனென்றால் பச்சைத் தேக்கு கனம், தண்ணீரில் மிதக்காது. காய்ந்த பிறகு வெட்டி, யானை இழுத்து ஓடையில் போட்டு, மழை வெள்ளம் அடித்துப் போய்ப் பெரிய ஆற்றில் சேர்ந்து, தெப்பமாகக் கட்டித் துறைமுகத்துக்கு வரும்.

இந்த வியாபாரத்தில் பெரிய கை, 1863இல் ஆரம்பித்த பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். மேல் பர்மா அப்போது தீபா ராஜாவின் கையில். 1885இல் அவருடைய அரசவை, கம்பெனி கணக்கைக் குறைத்துக் காட்டி மரம் கடத்தியது என்று சொல்லி 23 லட்சம் ரூபாய்க்கு அபராதம் போட்டது. பிரிட்டன் இறுதி எச்சரிக்கை அனுப்பியது. நவம்பரில் போர். ரெண்டே வாரத்தில் மண்டலே விழுந்தது. அடுத்த வருஷம் ஜனவரி 1 அன்று மேல் பர்மா பிரிட்டிஷ் பேரரசோடு சேர்க்கப்பட்டது.

தேக்குக்காக மட்டும் நடந்த போர் என்று சொன்னால் அது சரியாகாது. பிரெஞ்சுக்காரர்கள் மண்டலேயில் செல்வாக்குப் பெறுகிறார்கள் என்ற பயமும் பிரிட்டனுக்கு இருந்தது. ஆனால் சாக்கு தேக்குதான். தீபாவையும் ராணியையும் கப்பலேற்றி முதலில் கொண்டுவந்தது நம்ம மெட்ராஸுக்கு. சில மாசம் கழித்து ரத்னகிரிக்கு. 1916இல் அங்கேயே இறந்துபோனார், ஊர் திரும்பவே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்து ஃபோட்டோ எடுத்திருப்பீங்க. அந்த மரம் வந்த வழியில்தான் இந்த ராஜாவும் வந்தார்.

இரும்பு வந்தும் தேக்கு போகவில்லை

இரும்புக் கப்பல் வந்ததும் மரத்துக்கு வேலை முடிந்திருக்கணும். நடந்தது வேற. 1860இல் பிரிட்டன் இறக்கிய வாரியர் என்ற கவசக் கப்பலில் சுமார் 11 சென்டிமீட்டர் இரும்புக்குப் பின்னால் சுமார் 46 சென்டிமீட்டர் தேக்கு. குண்டின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். மேல்தளத்திலும் தேக்கு தொடர்ந்தது. வெயிலில் இரும்புத் தளம் அடுப்பு மாதிரி கொதிக்கும், நனைந்தால் வழுக்கும். மேலே தேக்குப் பலகை இருந்தால் ரெண்டும் குறையும். 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்ததே, அந்த மிசௌரி கப்பலின் தளமும் தேக்குதான்.

ஆனால் கவனிங்க, இந்த இடத்தில் கோட்டோட வேலை மாறிவிட்டது. இப்போது தண்ணீரைத் தடுப்பது கீழே இருக்கிற இரும்பு. மேலே இருக்கிற மரம் காலுக்கு. கோடு தேவைதான், ஆனால் கப்பல் அதை நம்பி இல்லை.

அடுத்து ஃபைபர். 1950, 60களில் இருந்து உல்லாசப் படகுகளை அச்சில் வார்த்தார்கள். ஃபைபர் படகுக்குச் சந்தே கிடையாது, ஒரே வார்ப்பு. ஆனால் வாங்க வந்தவர்களுக்கு அது குளியல் தொட்டி மாதிரி இருந்தது. படகு படகு மாதிரி தெரியணும். அதனால் ஒழுகாத ஃபைபர் தளத்தின் மேல் தேக்குப் பலகையை வைத்துத் திருகினார்கள். ஒரு படகுக்கு நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேல் திருகு. ஒவ்வொரு திருகும் ஒரு ஓட்டை. பல வருஷம் கழித்து அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் இருந்த பால்சா மரம் அழுகியது. பழைய படகு வாங்குகிறவர்கள் இன்றைக்கும் முதலில் தட்டிப் பார்க்கிற இடம் அதுதான்.

யோசிச்சுப் பாருங்க. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கத்தான் அந்தத் தரையே பிறந்தது. அழகுக்காக அதைத் திருப்பி வைத்தபோது, தண்ணீரை உள்ளே விட்டதே அதுதான்.

2021

பிறகு திருகை விட்டுப் பசைக்கு மாறினார்கள். மரம் மட்டும் மாறவில்லை. பெரிய படகுகளுக்கு பர்மா தேக்குதான் வேணும், அதுவும் காட்டில் மெதுவாக வளர்ந்த பழைய மரம். தோட்டத் தேக்கு சீக்கிரம் வளர்வதால் வளையங்கள் அகலம். அந்த அளவுக்குத் தரம் இல்லை என்று கேட்பவர்கள் சொன்னார்கள். உலகத்தின் இயற்கைத் தேக்குக் காட்டில் கிட்டத்தட்டப் பாதி மியான்மரில். 2014இல் அந்த நாடு வெட்டிய மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. ஆனால் அறுத்த பலகை போய்க்கொண்டுதான் இருந்தது.

2021 பிப்ரவரி 1. ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மர வியாபாரம் முழுக்க அரசு நிறுவனமான மியான்மா டிம்பர் என்டர்பிரைஸ் கையில். அப்படியென்றால் தேக்குப் பணம் நேராக ராணுவத்துக்கு. ஏப்ரலில் அமெரிக்காவும், ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த நிறுவனத்தின் மேல் தடை போட்டன. அதற்குப் பிறகும் மரம் சுற்று வழிகளில் வந்தது. 2024இல் பிரிட்டனின் சன்சீக்கர் என்ற சொகுசுப் படகு நிறுவனத்துக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. மியான்மர் தேக்கு உட்படச் சில மரங்களை, எங்கிருந்து வருகிறது என்று முறையாகச் சரிபார்க்காமல் இறக்குமதி செய்ததற்காக. அபராதம், செலவு எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல்.

1885இல் தேக்குக்கு அபராதம் போட்ட ராஜா நாட்டை இழந்தார். 2024இல் அபராதம் கட்டியது கம்பெனி. அந்த அளவுக்கு உலகம் மாறியிருக்கு. காட்டில் வெட்டுகிறவருக்கும், காட்டை இழந்தவருக்கும் என்ன மாறியிருக்கு என்று கேட்டால், பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

அப்போ ஃபோம் நல்லதா?

இந்த இடத்தில்தான் ஃபோம் பெருமையோடு வந்து நிற்கிறது. அலைச்சறுக்குப் பலகையில் கால் வழுக்காமல் இருக்க ஒட்டுகிற ஃபோம் பட்டை முன்னாடியே இருந்தது. அதே யோசனை படகுத் தளத்துக்கு வந்தது. ஃப்ளோரிடாவின் சீடெக் மாதிரி நிறுவனங்கள் அதைப் பிரபலமாக்கின. எடை குறைவு, விலை குறைவு, திருகு வேண்டாம், ஓட்டை வேண்டாம். நின்றுகொண்டே மீன் பிடிக்கிறவருக்கு முழங்கால் வலி குறைகிறது. எந்தக் காடும் வெட்டப்படவில்லை, எந்த ராணுவத்துக்கும் பணம் போகவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. இதை நான் முழு மனசோட ஒத்துக்கிறேன்.

ஆனால் ரெண்டு விஷயம் உறுத்துது.

ஒன்று, ஆயுள். வெயில் ஃபோமை வெளுக்கும், மீன் கொக்கி கிழிக்கும், ஓரம் தூக்கும். டிரிங்கோமலி மாதிரி 200 வருஷக் கணக்கே இங்கே கிடையாது. சில வருஷத்தில் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டணும். சுரண்டி எடுத்தது குப்பைக்குப் போகும். பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக், திரும்ப மண்ணாகப் போகாது. தேய்ந்த துகள் கடலுக்குத்தான். காட்டிடமிருந்து வாங்கின கடனைக் கடலிடம் மாற்றி எழுதியிருக்கிறோம் என்றுதான் எனக்குத் தோணுது.

ரெண்டாவது, அந்தக் கோடு. போலித் தேக்கு விற்கும்போது கூடவே விற்பது தேக்கின் மதிப்பும்தான். 'நல்ல படகு என்றால் தேக்குத் தரை' என்ற எண்ணத்தை ஒவ்வொரு ஃபோம் ஷீட்டும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. சின்னப் படகுக்காரருக்கு ஃபோம் போதும். நாளைக்குப் பெரிய படகு வாங்கினால்? அசலைத்தான் கேட்பார். அந்த அசலுக்காகத்தான் மலபாரில் விறகு பொறுக்கினவரைத் திருடர் ஆக்கினார்கள். அந்த அசலுக்காகத்தான் மியான்மரில் இன்னும் மரம் சாய்கிறது. கவரிங் நகை தங்கத்தின் விலையைக் குறைத்ததில்லை, இல்லையா?

என்கிட்ட யாராவது யோசனை கேட்டால் நான் சொல்றது இதுதான். ஃபோம் போடுங்க, தப்பில்லை. வெளிர் சாம்பல் நிறத்தில் போடுங்க. நம்ம வெயிலுக்கு அடர் பழுப்பு ஃபோம் உள்ளங்காலைச் சுட்டுவிடும், வெளிர் நிறம் அவ்வளவு சுடாது. கோடு வேண்டாம். ஃபோம் ஃபோமாக இருக்கட்டும். கறுப்புக் கோட்டுக்கு ஒரு காலத்தில் உயிரைக் காப்பாற்றுகிற வேலை இருந்தது. அந்த வேலை முடிந்து ரொம்ப நாளாச்சு. இன்னும் அதை வரைந்துகொண்டிருக்கிறோம் என்றால், மரத்தை விட்டுவிட்டோம், மரத்தின் மேல் இருந்த ஆசையை விடவில்லை என்று அர்த்தம்.

அடுத்த எபிசோடில் கயிறு. ஒரு முடிச்சை வைத்துக் கப்பலோட வேகத்தை எப்படி அளந்தார்கள் என்று பேசுவோம்.